வாசலில் நிற்கும் மருத்துவம்: அவசர சிகிச்சை மருத்துவரின் பணிவாழ்வு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மருத்துவத்தின் பெரும்பாலான துறைகள் உடலின் ஓர் உறுப்பையோ, வாழ்வின் ஒரு பருவத்தையோ, ஒரு சிகிச்சை முறையையோ எல்லையாகக் கொண்டு வளர்ந்தவை. இதயவியலுக்கு இதயமும், குழந்தை மருத்துவத்துக்குக் குழந்தைப் பருவமும், அறுவை மருத்துவத்துக்கு அறுவையும் உரிய களங்களாக உள்ளன. அவசர சிகிச்சை மருத்துவத்துக்கோ காலமே எல்லை. நோயோ காயமோ நேர்ந்தபின் வரும் முதல் நிமிடங்களும் முதல் மணிநேரங்களும் அதன் களம். அந்த நேரத்துக்குள் எந்த வயதினர் எந்த உறுப்பின் கோளாறோடு வந்தாலும் அவர் இத்துறையின் நோயாளியாகிறார்.

இத்துறையின் வரலாற்றை ஒரே கேள்வியின் வரலாறாகப் படிக்க முடியும்: மருத்துவமனையின் வாசலில் யார் நிற்க வேண்டும்? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகம் முழுவதும் இதற்குக் கிடைத்த விடை ஒன்றே. மருத்துவமனையிலேயே அனுபவம் மிகக் குறைந்தவர், பெரும்பாலும் அப்போதுதான் பட்டம் பெற்ற பயிற்சி மருத்துவர், இரவில் தனியாக அங்கே நின்றார். முடிவெடுக்க மிகக் கடினமான இடத்தில், முடிவெடுத்துப் பழகாதவர் நிறுத்தப்பட்டார். இந்த முரண் எவ்வாறு உணரப்பட்டது, அதைத் தீர்க்கப் பிறந்த துறை எத்தகைய பயிற்சியையும் பணியையும் கோருகிறது, அந்தப் பணியில் ஒருவர் ஓய்வுபெறும் வயது வரை நிலைக்க முடியுமா என்பவற்றை, தமிழ்நாட்டின் சூழலைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு, இக்கட்டுரை ஆராய்கிறது.

2. துறை பிறந்த விதம்

வாசலில் அனுபவமற்றவரை நிறுத்தியதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. முதல் நிமிடங்களில் செய்யத்தக்கது மிகக் குறைவாக இருந்த காலத்தில், அந்த நிமிடங்களில் யார் அருகில் இருந்தார் என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. 1950களின் நடுவிலிருந்து 1960களின் நடுவு வரையிலான ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இந்த நிலையை மாற்றின. கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் ‘அம்பு’ எனப்படும் பையை டென்மார்க்கின் ஹென்னிங் ரூபன் 1950களில் உருவாக்கினார். மார்பின் மேல் அழுத்தி, நின்ற இதயத்தின் வேலையைத் தற்காலிகமாகச் செய்விக்கலாம் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கூவன்ஹோவனும் அவருடைய துணைவர்களும் 1960இல் எழுதினர். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின் அதிர்ச்சியால் சீராக்கும் கருவியை வண்டியில் ஏற்றி நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுசெல்லும் முறையை 1960களின் நடுவில் பெல்பாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் தொடங்கினார். நிமிடங்களுக்கு மதிப்பு வந்தபின், அந்த நிமிடங்களைக் கையாளத் தெரிந்தவருக்கான தேவையும் வந்தது.

பிரிட்டனில் 1952இல் லீட்ஸ் மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கு மாரிஸ் எல்லிஸ் முழுநேர முதுநிலை மருத்துவராக நியமிக்கப்பட்டது தொடக்கமாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 1961இல் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியா நகரில் ஜேம்ஸ் மில்ஸும் மேலும் மூன்று மருத்துவர்களும் தம் சொந்த மருத்துவத் தொழிலை விட்டு, மருத்துவமனையின் அவசரப் பிரிவை இரவும் பகலும் முறைவைத்து நடத்த முன்வந்தனர். 1966இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகத்தின் சார்பில் வெளியான அறிக்கை, விபத்துச் சாவுகளை நவீன சமூகம் கண்டுகொள்ளாமல் விட்ட நோயாக வருணித்து, ஆம்புலன்ஸ்களும் அவசரப் பிரிவுகளும் இருந்த நிலையை வெளிப்படுத்தியது. 1968இல் அவசர மருத்துவர்களுக்கான சங்கம் உருவானது. 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முதல் முதுநிலைப் பயிற்சி தொடங்கியது. 1979இல் அவசர மருத்துவம் 23ஆவது சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது. நான்கு மருத்துவர்களின் முறைவைப்பு ஏற்பாடு, இருபது ஆண்டுகளுக்குள் பாடத்திட்டமும் தேர்வும் கொண்ட தனித் துறையாயிற்று.

3. இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் இந்த ஏற்பு முப்பது ஆண்டுகள் பிந்தி வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2009இல்தான் அவசர மருத்துவத்தைத் தனி முதுநிலைத் துறையாக ஏற்றது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளில் கேஷுவாலிட்டி என்ற பெயரில் இயங்கிய பிரிவு, நோயாளியைப் பதிந்து, உரிய வார்டுக்கு அனுப்பிவைக்கும் இடமாகவே பெரும்பாலும் இருந்தது. அங்கே நின்றவர் ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவரும், வேறு துறையிலிருந்து முறைவைத்து வந்த டியூட்டி மருத்துவரும் ஆவர். அவர்களில் பலர் திறமையாகவே பணியாற்றினர் என்றாலும், அந்த வாசலே தம் வாழ்நாள் பணி என்று கருதும் நிலை எவருக்கும் இருக்கவில்லை.

மாற்றம் மருத்துவமனைக்கு வெளியிலிருந்தும் வந்தது. 2005இல் ஆந்திரத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. பைலட் என அழைக்கப்படும் ஓட்டுநரும் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளரும் கொண்ட வண்டி ஊரூராகச் செல்லத் தொடங்கியபோது, முன்பு வழியிலேயே இறந்திருக்கக்கூடிய பலர் உயிரோடு வாசலை வந்தடைந்தனர். வாசல் தயாராக இல்லாவிட்டால் வண்டியின் வேகத்துக்குப் பொருளில்லை என்பது இதனால் தெளிவானது. 2010களின் பிற்பகுதியில் தமிழக அரசு தொடங்கிய விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்புத் திட்டம், அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரித்த அவசரப் பகுதிகளை அமைக்க முனைந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் காயமுற்றவர் எந்த ஊரினராயினும் எந்த நாட்டினராயினும் அவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரம்புக்குள், தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி வழங்க வழிசெய்தது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்பதும், விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது என்பதும் இத்திட்டங்களின் தேவையை உணர்த்துகின்றன.

4. பயிற்சியின் பாதை

இந்தியாவில் அவசர மருத்துவராக விரும்புபவர் நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பையும் ஓராண்டுப் பயிற்சிப் பணியையும் முடித்து, முதுநிலை நீட் தேர்வு எழுதி, மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. படிப்பில் சேர வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றியபின், பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கான ஒதுக்கீட்டின் வழியாக முதுநிலைக்கு வருவோரும் உள்ளனர். பாம்புக்கடியையும் பிரசவத்தையும் நெஞ்சுவலியையும் ஒரே அறையில் கண்ட அந்த ஆண்டுகள், அவசர மருத்துவத்துக்கு மிகப் பொருத்தமான முன்பயிற்சி எனலாம். இவை தவிர, சில தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து நடத்தும் பயிற்சிகளும், பிரிட்டனின் ராயல் கல்லூரித் தேர்வுகளும் உண்டு. வெளிநாட்டுத் தொடர்புடைய பயிற்சிகளை முடித்தவர் திறமை பெற்றிருந்தாலும், இந்திய ஒழுங்குமுறை அமைப்பின் ஏற்பு அந்தச் சான்றிதழுக்கு இல்லாதபோது கல்லூரி ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறுவதில்லை என்பதைச் சேர்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் உள்ளடக்கம் பரந்தது. மூச்சுக்குழாயில் குழாய் செருகுதல், மார்புக்கூட்டில் தேங்கிய காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்றுதல், படுக்கையருகிலேயே ஸ்கேன் கருவியால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தல், இ.சி.ஜி. தாளில் மாரடைப்பை அடையாளம் காணல், எலும்பு முறிவைச் சீர்செய்தல், குழந்தையின் வலிப்பை அடக்குதல் ஆகியவை கைத்திறன்கள். இவற்றைவிடக் கற்பிக்கக் கடினமானது, நோயின் பெயர் தெரியும் முன்பே செயல்படும் மனப்பழக்கம். மற்றத் துறைகளில் வரலாறு கேட்டு, உடலைச் சோதித்து, நோயை நிர்ணயித்து, பிறகு சிகிச்சை தொடங்குவது வழக்கம். இங்கே மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நரம்பு நிலை என்ற வரிசையில், முதலில் உயிரைப் பறிக்கக்கூடியதை முதலில் சரிசெய்து, நோயின் பெயரைப் பிறகு தேடுவது மரபு. இவ்வரிசையைக் காயச் சிகிச்சையில் உலகம் முழுவதும் பரப்பிய பயிற்சித் திட்டத்துக்கு ஒரு விபத்தே வித்திட்டது. 1976இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் தாமே ஓட்டிய சிறு விமானம் விழுந்து, மனைவியை இழந்து, குழந்தைகளோடு காயமுற்ற எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர், சிறுநகர மருத்துவமனையில் கண்ட ஆயத்தமின்மையால் வருந்தி, 1978இல் அப்பயிற்சியின் முதல் வடிவம் உருவாக வழிவகுத்தார்.

5. பணியின் இயல்பு

அவசரப் பிரிவின் முதல் செயல் ட்ரையாஜ் எனப்படும் வகைப்பிரிப்பு. வந்த வரிசையை விட்டு, ஆபத்தின் அளவை வைத்து யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கும் முறை இது. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த இச்சொல்லின் பின்னே, பதவியையும் படைப்பிரிவையும் பாராமல் காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்த நெப்போலியன் காலத்துப் படை மருத்துவர் லாரேயின் மரபு நிற்கிறது. இன்று பல நாடுகள் ஐந்து நிலைகளாகவும், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் மூன்று நிறங்களாகவும் பிரிக்கின்றன. எண்ணிக்கை எதுவாயினும் அறம் ஒன்றே: முன்னே வந்தவரையும் செல்வாக்கோடு வந்தவரையும் காத்திருக்கச் செய்து, பேச இயலாமல் கிடப்பவரை உள்ளே எடுத்துச்செல்வது. காத்திருப்பவரின் கோபத்தைத் தாங்குவதும் இதனால் இப்பணியின் பகுதியாகிறது.

இரண்டாவது இயல்பு, கடிகாரத்தோடு வேலை செய்வது. இதய ரத்தக்குழாய் முழுதும் அடைபட்ட மாரடைப்பில், மருத்துவமனையை அடைந்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் அடைப்பை நீக்குவது இலக்கு. அது இயலாத ஊர்களில் உறைவைக் கரைக்கும் மருந்தை உடனே செலுத்திப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மூளையின் ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் அத்தகைய மருந்துக்குரிய காலம் பொதுவாக நாலரை மணிநேரம். தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடும் 108 வண்டிகளோடும் இணைத்து நடத்திய மாரடைப்புத் திட்டம் ஒன்றின் முடிவுகள் 2017இல் வெளியானபோது, ஓராண்டுக்குள் நேரும் இறப்புகள் அந்த இணைப்பால் குறைந்தது தெரியவந்தது. அங்கே புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஏற்கெனவே இருந்த மருந்தும் கருவியும் நோயாளியை உரிய நேரத்தில் சென்றடைந்தன.

மூன்றாவது இயல்பு, நிலத்தோடு கொண்ட உறவு. அவசர மருத்துவத்தின் பாடநூல்கள் பெரும்பாலும் மேலைநாடுகளில் எழுதப்பட்டவை என்றாலும், தமிழ்நாட்டு வாசலுக்கு வருவோர் இந்த மண்ணின் ஆபத்துகளோடு வருகின்றனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு ஒரே கூட்டு முறிமருந்து பயன்படுகிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு ரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்பதால், சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பதே, பெரிய ஆய்வகம் இல்லாத ஊரிலும் செய்யத்தக்க சோதனை. தரையில் உறங்கியவர் கடித்த வலியே தெரியாமல் விடியலில் வயிற்றுவலியோடும் கண்ணிமை சரிந்த நிலையிலும் வந்தால், கட்டுவிரியனை நினைப்பவரே உயிரைக் காப்பாற்றுகிறார். முறிமருந்துக்குத் தேவையான நஞ்சின் பெரும்பங்கை, 1978இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வந்துள்ளது. வாசலில் நிற்கும் மருத்துவரின் கையிலுள்ள குப்பிக்குள் ஒரு பழங்குடியின் அறிவும் இருக்கிறது.

நஞ்சுண்டோர் மற்றொரு பெருந்தொகுதி. பூச்சிமருந்து குடித்தவருக்கு வாயிலும் நுரையீரலிலும் நீர் பெருகி மூச்சடைக்கும்போது, அது வற்றும்வரை அட்ரோபின் மருந்தை மீண்டும் மீண்டும் ஏற்ற வேண்டும். மஞ்சள் அரளி விதை இதயத் துடிப்பைத் தளர்த்தி நிறுத்தக்கூடியது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இது நெடுங்காலப் பிரச்சினை. மஞ்சள் பாஸ்பரஸ் கொண்ட எலி பேஸ்ட்டைத் தின்றவர் முதல் நாள் நலமாகத் தோன்றி, சில நாள்களில் கல்லீரல் செயலிழந்து இறக்கக்கூடும் என்பதால், ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்புவது பெரும்பிழையாகும். இங்கே அவசர மருத்துவரின் பணி படுக்கையோடு முடிவதில்லை. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தபின், 1995இல் உலகின் மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. தமிழ்நாட்டிலும் மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்குத் தடை வந்தது. 2024இல் பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. வாசலில் எழுதப்படும் பதிவேடு கவனமாக எழுதப்பட்டால், அது அடுத்தவர் அந்த வாசலுக்கு வராமலே தடுக்கும் கருவியாகிறது.

6. சட்டமும் பொறுப்பும்

இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், காயமுற்றவரின் உயிரைக் காப்பதே ஒவ்வொரு மருத்துவரின் முதல் கடமை என்றும், போலீஸ் நடைமுறைகள் அதற்குத் தடையாகக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. 1996இல் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், ரயிலிலிருந்து விழுந்து காயமுற்றவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியதை ஆராய்ந்து, அவசர சிகிச்சையை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று கூறியது. விபத்தில் உதவுபவரைக் காக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இந்தத் தீர்ப்புகளின் பாரம் நடைமுறையில் அவசர மருத்துவரின் மேசையில் வந்து சேர்கிறது. விபத்து, தாக்குதல், தீக்காயம், நஞ்சு ஆகியவற்றோடு வருபவர்களுக்கு விபத்துப் பதிவேட்டில் காயங்களை அளந்து எழுதுவது, காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது, இறக்கும் நிலையில் உள்ளவர் வாக்குமூலம் அளிக்கும் மனத்தெளிவோடு இருக்கிறாரா என்று சான்றளிப்பது ஆகியவை அவருடைய கடமைகள். ‘ஏ.ஆர். காப்பி’ என்று மக்கள் அறிந்த அந்த ஒரு தாளின் மேல் பின்னாளில் காப்பீட்டுத் தொகையும் தண்டனையும் அமையக்கூடும். நள்ளிரவில் உயிரைக் காக்கும் அதே கை, ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் விளக்கத்தக்க சொற்களையும் எழுத வேண்டியிருக்கிறது.

7. தேய்மானமும் நிலைத்தலும்

இத்துறையை ஒரு பணிவாழ்வாக மதிப்பிடுகையில் மிக முக்கியமான கேள்வி, ஒருவர் இதில் எத்தனை ஆண்டுகள் நிலைக்கிறார் என்பதாகும். மாறி மாறி வரும் இரவுப் பணி உறக்கத்தையும் உடலின் உள்கடிகாரத்தையும் குலைக்கிறது. தம்மிடம் வந்தவர் பிறகு என்ன ஆனார் என்று அறியும் வாய்ப்பு பல நேரம் கிடைப்பதில்லை. நலமடைந்தவரின் நன்றி வார்டுக்கும், இறந்தவரின் உறவினரது கோபம் வாசலுக்கும் போய்ச்சேர்கின்றன. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டும் அச்சம் நீங்கவில்லை. இறப்புச் செய்தியை எங்கே, எந்தச் சொற்களில், எவ்வளவு நேரம் செலவிட்டுச் சொல்வது என்பது வன்முறையைக் குறைக்கும் வழிகளில் ஒன்று என்றாலும், உட்காரக்கூட இடமில்லாத கூட்டத்தில் அதற்கான அறையும் நேரமும் கிடைப்பது அரிது.

நெரிசலின் காரணம் பெரும்பாலும் வாசலுக்குள்ளே இல்லை. உள்ளே வார்டில் படுக்கை காலியாகாததால், சிகிச்சை தொடங்கப்பட்டவர் அவசரப் பிரிவிலேயே மணிக்கணக்கில் கிடக்கிறார். புதிதாக வருபவருக்கு இடமில்லை. பிரிட்டனில் நான்கு மணிநேரத்துக்குள் ஒவ்வொரு நோயாளியையும் அனுமதிக்கவோ அனுப்பவோ வேண்டும் என்று வகுத்த இலக்கும், படுக்கைகள் போதாமற்போன ஆண்டுகளில் எட்டமுடியாததாயிற்று. துறையை முதலில் வளர்த்த அமெரிக்காவில் 2023இல் அவசர மருத்துவத்தின் 554 முதுநிலைப் பயிற்சி இடங்கள் முதல்சுற்றில் நிரம்பாமல் நின்றன. எதிர்காலத்தில் மருத்துவர்கள் தேவைக்கு மிஞ்சிப்போவர் என்ற 2021ஆம் ஆண்டுக் கணிப்பும், பெருந்தொற்றுக்காலச் சோர்வும், இலாப நோக்குடைய நிறுவனங்களின் பிடியும் இதற்குக் காரணங்களாகப் பேசப்பட்டன.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே தேவை மிகுதி. ஆனால் பணியின் தகுதிநிலை உறுதிப்படவில்லை. மருத்துவக் கல்லூரிகளில் அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்று 2020இல் வகுத்த தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வரைவில் அக்கட்டாயம் விடுபட்டிருந்ததும், அதற்கு இத்துறையினர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்ததும் இந்த உறுதியின்மைக்குச் சான்று. தனித்துறை தேவையில்லை, எல்லா மருத்துவர்க்கும் அவசரச் சிகிச்சை தெரிந்திருந்தால் போதும் என்போர் இன்றும் உள்ளனர். எல்லார்க்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் எல்லாருடைய பொறுப்பாக மட்டும் விடப்பட்ட வாசல், இரவு இரண்டு மணிக்கு இளையவர் ஒருவரின் தனிப்பொறுப்பாகச் சுருங்கிப்போனது என்பதே இத்துறையின் முன்வரலாறு.

ஐம்பது வயதைக் கடந்தவர் இத்துறையில் நிலைக்க வேண்டுமானால் இரவுப் பணியின் பங்கு வயதுக்கேற்பக் குறைய வேண்டும். நஞ்சியல், குழந்தைகள் அவசரச் சிகிச்சை, ஆம்புலன்ஸ் சேவை மேற்பார்வை, பேரிடர் ஆயத்தம், கற்பித்தல் போன்ற கிளைகள் பதவிகளாக உருவாக வேண்டும். மூத்தவர்கள் விலகும்போது அவர்களுடைய கைத்திறனை இளையவர் ஈடுசெய்துவிடலாம். பல்லாயிரம் பேரைப் பார்த்ததால் வந்த தீர்ப்புத்திறனை அவ்வளவு விரைவில் ஈடுசெய்ய முடியாது.

8. முடிவுரை

அவசர மருத்துவரின் பணியை வீரச்செயல்களின் தொடராகக் காண்பது அப்பணிக்கு நன்மை செய்வதில்லை. வீரத்தை எதிர்பார்க்கும் அமைப்பு, படுக்கையும் உறக்கமும் பாதுகாப்பும் பதவி உயர்வும் தரவேண்டிய தன் கடமையை எளிதில் மறந்துவிடும். அறுபது ஆண்டுக்கால வரலாறு காட்டுவது வேறு உண்மை. மருந்தும் கருவியும் வண்டியும் வந்தபின், வாசலில் பயின்றவர் நிற்பதே அவற்றுக்குப் பயன் தந்தது. இந்தியா அந்த வாசலுக்குப் பயின்றவரைக் கொண்டுவரத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. அவர் அங்கேயே நரைத்து முதிரும்படியான பணிவாழ்வை அமைத்துத் தருவது எஞ்சியுள்ள பணி. அது நிறைவேறும் நாளில், நள்ளிரவில் 108 வண்டியிலிருந்து இறக்கப்படும் ஒருவர், யார் பொறுப்பில் இருக்கும் நேரம் என்று பாராமல், எந்த ஊர் மருத்துவமனையாயினும் ஒரே தரமான தீர்ப்பைப் பெறுவார்.